அடுப்பு ஊர் தாண்டட்டும்!

(பட்டிமன்றத் தலைப்பு: “ஊர்ச் சாப்பாட்டுக் கடைகள் வெளியூர்களில் கிளை விரிப்பதால் ருசி வளர்கிறதா? தேய்கிறதா?” ‘வளர்கிறது’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை)

வணக்கத்திற்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தலைவர் அவர்களே! எதிரே உட்கார்ந்து எங்களை முறைத்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! அரங்கம் நிறைந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! பண்டிகை நாளும் அதுவுமா முறுக்குத் தட்டை மடியிலே வச்சுக்கிட்டு, தொலைக்காட்சிக்கு முன்னால குடும்பத்தோட உட்கார்ந்திருக்கிற நல்ல உள்ளங்களே!

எனக்கு முன்னால பேசிட்டுப் போனாங்களே எதிரணிச் சகோதரி, அருமையாப் பேசினாங்க. கேட்கக் கேட்க எனக்கே பசி வந்துடுச்சு. திருநெல்வேலி அல்வாவைப் பத்திச் சொன்னாங்க. ஆம்பூர் பிரியாணியைப் பத்திச் சொன்னாங்க. சொல்லிட்டு, “இதெல்லாம் அந்தந்த ஊரிலேயே இருக்கணும், வெளியூருக்கு வந்தா ருசி கெட்டுப்போகும்”னு ஒரே போடா போட்டாங்க. ஏன்னு கேட்டா, “தண்ணி! தாமிரபரணித் தண்ணி இல்லாம அந்த ருசி வராது” அப்படின்னாங்க.

சரி, ஒத்துக்கிறேன். ஆனா பேச்சை ஆரம்பிக்கும்போது அந்தச் சகோதரியே என்ன சொன்னாங்க? “நான் பிறந்தது நெல்லை, வாழ்க்கைப்பட்டது திருச்சி”ன்னு சொன்னாங்களா இல்லையா? அம்மா, திருச்சிக்கு வந்த முதல் நாள், மாமியார் அடுப்படியிலே நின்னுக்கிட்டு, “அத்தை, தாமிரபரணித் தண்ணி இல்லாம நான் சொதி வைக்க மாட்டேன்”னு சொன்னீங்களா? சொல்லியிருந்தா அடுத்த வண்டியிலேயே நெல்லைக்குத் திருப்பி அனுப்பியிருப்பாங்க! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, இதைத்தான் நான் முதல் சாட்சியா வைக்கிறேன். ஊர் விட்டு ஊர் வந்து கிளை திறந்தது முதல்ல ஓட்டல்காரன் இல்லீங்க. நம்ம அம்மாக்கள். நெல்லைப் பொண்ணு திருச்சிக்குச் சொதியைக் கொண்டு போனா. கோயம்புத்தூர்ப் பொண்ணு மதுரைக்கு அரிசியும் பருப்பும் சாதத்தைக் கொண்டு போனா. நாகர்கோவில் பொண்ணு சென்னைக்குத் தீயலைக் கொண்டு வந்தா. அங்கங்கே இருந்த தண்ணியிலதான் வச்சாங்க. ருசி தேய்ஞ்சுதா? அந்த வீட்டுல ஒரு குழம்பு கூடுச்சு. அவ்வளவுதானே! (கைதட்டல்)

ருசிக்கு ஊர் உண்டுங்க, ஒத்துக்கிறேன். ஆனா அதுக்குக் காலும் உண்டு. நம்ம சமையல் பூராவுமே நடந்து வந்ததுதான். காரத்துக்கு இன்னிக்கு என்ன போடுறோம்? மிளகாய். அது நம்ம ஊர்ச் சரக்கா? அமெரிக்கக் கண்டத்துல விளைஞ்சது. போர்த்துகீசியர் கப்பல்ல இந்தியாவுக்கு வந்தது. அதுக்கு முன்னால நமக்குக் காரம்னா மிளகுதான். தக்காளியும் அங்கேயிருந்து வந்ததுதான். மசால் தோசைக்குள்ள ஒளிஞ்சிருக்கானே உருளைக்கிழங்கு, அவனும் வெளிநாட்டுக்காரன்தான். “நீ வெளியூர், உள்ள வராதே”ன்னு அன்னிக்கே எதிரணி பட்டிமன்றம் போட்டிருந்தா, இன்னிக்கு மசால் தோசையிலே மசாலும் இல்ல, சட்னியிலே மிளகாயும் இல்ல, தக்காளி ரசத்துல தக்காளியும் இல்ல! (சிரிப்பு)

ஓட்டல் கதைக்கு வருவோம். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த கிருஷ்ணராவ் என்பவர் 1938ஆம் ஆண்டு சென்னை ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். எந்த ஊர்ச் சாப்பாடு? கன்னட நாட்டுக் கடலோரச் சாப்பாடு. எந்த ஊரில் கடை? சென்னையில். அப்போ யாராவது “இது நம்ம ஊர் ருசி இல்ல”ன்னு எழுந்து போனாங்களா? இன்னொரு தோசை கொண்டு வான்னாங்க! அவருடைய நிறுவனம்தான் 1962இல் கதீட்ரல் சாலையிலே டிரைவ் இன் உட்லண்ட்ஸைத் திறந்தது. காரிலேயே உட்கார்ந்து சாப்பிடலாம். 2008இல் அதை மூடினார்கள். இன்னிக்கு அந்த இடத்திலே செம்மொழிப் பூங்கா இருக்கிறது. கடை போச்சு. ருசி போச்சா? இல்லையே! அது அதுக்கு முன்னாலேயே நூறு கடைக்குப் பரவிடுச்சு. ஒரே இடத்துல நின்னிருந்தா, பூட்டின அன்னிக்கே ருசிக்கும் பூட்டு விழுந்திருக்கும்.

எதிரணியோட பெரிய ஆயுதம் இருட்டுக்கடை. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே ஒரு சின்னக் கடை. சாயங்காலம் திறப்பாங்க. கொஞ்ச நேரத்துல தீர்ந்துடும். அவ்வளவுதான். “பாருங்க, ஊர் ஊரா அலையாம, ஒரே இடத்துல நின்னு ஜெயிச்சுக் காட்டியிருக்காங்க”ன்னாங்க சகோதரி. ஜெயிச்சாங்க, மறுக்கவே இல்லை. அந்தக் கடைக்கு நானும் கையெடுத்துக் கும்பிடறேன்.

ஆனா ரெண்டு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க. முதலாவது, அல்வாங்கிற பேரே அரபு மொழியிலேர்ந்து வந்தது. அந்தக் கடையை ஆரம்பிச்ச குடும்பமும் வடக்கேயிருந்து நெல்லைக்கு வந்த குடும்பம். ஆக, ஊரைவிட்டு நகராத கடைன்னு நீங்க காட்டுறீங்களே, அதுவே ஊர்விட்டு ஊர் வந்த ருசிதான்! (கைதட்டல்)

ரெண்டாவது, இதுதான் முக்கியம். அசல் கடை வெளியே வரலை, சரி. ‘திருநெல்வேலி அல்வா’ங்கிற பேரு வெளியே வராம இருந்துச்சா? எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுல வேணும்னாலும் இறங்கிப் பாருங்க, “ஒரிஜினல் திருநெல்வேலி அல்வா”ன்னு ஒரு பலகை தொங்கும். உள்ள போனா, கடைக்காரருக்கு நெல்லை எந்தத் திசையிலே இருக்குன்னே தெரியாது! (சிரிப்பு)

கும்பகோணம் டிகிரி காபியை எடுத்துக்குங்க. பாலோட தரத்தைச் சோதிச்சுப் பார்த்து ‘டிகிரி’ன்னு சொன்னதால வந்த பேருன்னு பெரியவங்க சொல்லுவாங்க. இப்போ சென்னையிலேர்ந்து திருச்சிக்கு நெடுஞ்சாலையிலே போங்க. வழியெல்லாம் “கும்பகோணம் டிகிரி காபி”. பித்தளை டவரா, பித்தளை தம்ளர். அதுல நல்ல கடையும் இருக்கு. ஆனா எத்தனை கடைக்குக் கும்பகோணத்தோட சம்பந்தம் இருக்கு? ஒருத்தர் கேட்டாராம், “ஏம்ப்பா, கும்பகோணத்துலேர்ந்தா வர்றே?”ன்னு. “இல்லீங்க, டவரா மட்டும் அங்கேயிருந்து வருது”ன்னானாம்! (சிரிப்பு)

இதிலேர்ந்து என்ன தெரியுது? அசல்காரன் ஊரைத் தாண்டி வரலேன்னா, அவன் பேரு மட்டும் தனியா ஊரைத் தாண்டி வந்துடும். வந்து, யார் கையில சிக்குதோ அவங்க சொன்னபடி ஆடும். பேரு கெடாம இருக்கணும்னா, பேரோட ஆளும் வரணும்.

திண்டுக்கல் கதை உங்களுக்குத் தெரியும். 1957இல் நாகசாமி நாயுடு என்பவர் திண்டுக்கல்லில் ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டலைத் தொடங்கினார். தலையிலே எப்பவும் தலைப்பாகை கட்டியிருப்பார். ஜனங்க கடைப் பேரை விட்டுட்டாங்க, தலைப்பாவைப் பிடிச்சுக்கிட்டாங்க. தலப்பாக்கட்டி பிரியாணி ஆகிடுச்சு. பேரு பெரிசானதும், அதே மாதிரி பேருல வேற வேற கடைங்க. கடைசியிலே அந்தப் பேருக்காக நீதிமன்றப் படியே ஏற வேண்டி வந்தது. அந்தக் குடும்பம் என்ன செஞ்சுது? திண்டுக்கல்லிலேயே உட்கார்ந்து புலம்பலையே! சென்னைக்கு வந்தாங்க, பெங்களூருக்குப் போனாங்க, வெளிநாட்டுக்கும் போனாங்க. “இதுதான் எங்க ருசி, சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்க”ன்னு இலையைப் போட்டாங்க.

அதனால இன்னொரு நல்லது நடந்தது. திண்டுக்கல், ஆம்பூர் பிரியாணிக்கெல்லாம் உயிர் எது? சீரகச் சம்பா அரிசி. சின்ன மணி, சீரகம் மாதிரி. மசாலாச் சாறை உள்ளே இழுத்துக்கும். பாஸ்மதி நீளமா, உதிரி உதிரியா நிக்கும், அது வேற அழகு. ஒரு காலத்துல பட்டணத்து ஓட்டல்ல பிரியாணின்னா பாஸ்மதிதான்னு பல பேர் நினைச்சிட்டிருந்தாங்க. இந்த ஊர்க் கடைங்க வந்தப்புறம்தான், வீட்டம்மாக்களும் மளிகைக் கடையிலே “சீரகச் சம்பா இருக்கா?”ன்னு கேட்க ஆரம்பிச்சாங்க. அடுப்பு ஒன்று ஊர் தாண்டினா, அதுக்குப் பின்னால அரிசி வருது. அரிசிக்குப் பின்னால, அதை விளைவிக்கிற விவசாயிக்கு ஒரு சந்தை வருது. இதுக்குப் பேரு தேய்மானமா நடுவர் அவர்களே? (கைதட்டல்)

பள்ளிபாளையம்னு ஒரு ஊரு. ஈரோட்டுக்கு அக்கரையிலே, காவிரிக் கரையிலே இருக்கு. அங்கே ஒரு கோழி வறுவல். சின்ன வெங்காயம், வர மிளகாய், பல்லு பல்லா தேங்காய். பெரிசா மசாலாப் பொடி கிடையாது. கொங்கு நாட்டு ஓட்டல்காரங்க வெளியூர் வந்தாங்க, இன்னிக்குக் கன்னியாகுமரியிலே உட்கார்ந்தும் “ஒரு பள்ளிபாளையம் சிக்கன்”னு சொல்லலாம். எத்தனையோ பேருக்கு அந்த ஊரை வரைபடத்துல காட்டத் தெரியாது, இலையிலே காட்டத் தெரியும்! நம்ம பிள்ளைங்க பூகோளப் புத்தகத்துல படிக்காத ஊரையெல்லாம் ஓட்டல் விலைப்பட்டியல்ல படிக்கிறாங்க. ஆம்பூர் பிரியாணி, விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா, மதுரை ஜிகர்தண்டா, செட்டிநாட்டு மிளகுக் கோழி. (சிரிப்பு)

அடுத்து, எதிரணித் தலைவர் படிச்சவர், சட்டம் பேசினார். “புவிசார் குறியீடு கொடுத்திருக்காங்களே, அதோட அர்த்தம் என்ன? பண்டம் ஊரோடதான் இருக்கணும்னுதானே!” அப்படின்னார். ஐயா, பாதிதான் சொன்னீங்க. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் 2019இல் கிடைச்சது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல். மணப்பாறை முறுக்குக்கு 2023இல். அந்தக் குறியீடு என்ன சொல்லுது? அந்தப் பேரைப் போடணும்னா அந்தப் பகுதியிலே, அந்த முறையிலே செய்திருக்கணும்னு சொல்லுது. வெளியூர்ல விற்காதேன்னு சொல்லலையே!

இதிலே ஒரு வித்தியாசத்தைப் பார்க்கணும். கடலை மிட்டாய், முறுக்கு இதெல்லாம் தாங்குற பண்டம். கோவில்பட்டியிலே செஞ்சு, டப்பாவிலே போட்டு டெல்லிக்கு அனுப்பினாலும் அது அதுவாகவே இருக்கும். ஆனா இட்லி? பரோட்டா? தம் உடைச்ச பிரியாணி? இதெல்லாம் தாங்காத பண்டம். கல்லுலேர்ந்து இலைக்கு வர்ற நேரம்தான் அதோட ஆயுசு.

இதைப் பெரிய பெரிய கம்பெனியே பணத்தைக் கொட்டிக் கத்துக்கிட்டது. 2022இல் ஜொமேட்டோ நிறுவனம் ‘இன்டர்சிட்டி லெஜண்ட்ஸ்’னு ஒரு சேவை தொடங்குச்சு. ஐதராபாத் பிரியாணி, லக்னோ கபாப், கொல்கத்தா ரசகுல்லான்னு அந்தந்த ஊர்க் கடையிலேர்ந்து வாங்கி, விமானத்துல ஏத்தி, வெளியூர் வாடிக்கையாளர் வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுக்கிறது. பிரியாணி பிளேன்ல போகுது! நம்மள்ல எத்தனை பேரு இன்னும் பிளேன்லயே ஏறலை! (சிரிப்பு) என்ன ஆச்சு? 2024 ஆகஸ்டில் அதை நிறுத்திட்டாங்க. பார்சல் பறக்கலாம், ருசி பறக்குமா? ஆறின சாப்பாட்டை ஆயிரம் மைல் அனுப்புறதைவிட, அடுப்பையும் மாஸ்டரையும் அனுப்பிச் சுடச்சுடப் போடறதுதான் வழி. மதுரை முருகன் இட்லிக் கடை சென்னைக்கு வந்ததே, இட்லியைப் பொட்டலம் கட்டியா வந்தது? இட்லிப் பானையோட வந்தது!

“மாஸ்டர் வந்தாலும் கைப்பக்குவம் வருமா?”ன்னு அடுத்த கேள்வி. நல்ல கேள்வி. ஒரே கடையா இருக்கும்போது எல்லாம் ஒரு பெரியவர் கையிலே இருக்கு. “எவ்வளவு உப்பு?” “கண் அளவு.” “எவ்வளவு மிளகாய்?” “கை அளவு.” அவரோட கையும் கண்ணும் ஒரு நாள் ஓய்ஞ்சு போகுமே, அப்போ? எத்தனை ஊர்ல, “ஆகா, அந்தக் காலத்துல இங்கே ஒரு கிளப் கடை இருந்துச்சு பாருங்க, அந்தக் குருமா இப்ப யாருக்கும் வராது”ன்னு பெருமூச்சு விடறோம்! ஏன் வராது? அவர் யாருக்கும் சொல்லித் தரலை. சொல்லித் தர வேண்டிய அவசியம் வரலை. ரெண்டாவது கடை திறக்கணும்னா, ரெண்டாவது ஆளுக்குச் சொல்லித் தந்தே ஆகணும். கண் அளவு படி அளவாகணும், கை அளவு கிராம் கணக்காகணும். மசாலாவை ஒரே இடத்துல அரைச்சு, அளந்து, பொட்டலம் போட்டு அனுப்பறாங்கன்னு எதிரணி கேலி பண்ணினாங்க. அது கேலிக்குரியதா? ஒரு கிழவரோட போக வேண்டிய வித்தை பத்துப் பிள்ளைகள் கையிலே நிக்குதே! (கைதட்டல்)

மணி அடிக்கப் பார்க்கிறார் நடுவர். ஐயா, கொஞ்சம் பொறுங்க, இன்னும் குழம்பே ஊத்தலை. (சிரிப்பு)

எதிரணி சொன்னதிலே ஒண்ணே ஒண்ணு என்னை உறுத்தினது. “பெரிய பலகை வந்தா, தெருமுனை மெஸ் செத்துப் போகுது”ன்னு சொன்னாங்க. அந்தக் கண்ணீர் உண்மைதான். கணவனை இழந்த ஒரு அம்மா பத்து பேருக்குச் சாப்பாடு போட்டு, பிள்ளையைப் படிக்க வைக்கிறாங்க. எதிரே குளிர்சாதன ஓட்டல் வந்தா வயிறு கலங்காதா? கலங்கும். ஆனா அந்த அம்மாகிட்ட இருக்கிறது பெரிய கடைகிட்ட கிடையாது. “தம்பி, முகம் வாடியிருக்கே, காய்ச்சலா? ரசம் சாதம் கரைச்சுத் தரட்டா?”ன்னு எந்தக் குளிர்சாதன ஓட்டல்ல கேட்பாங்க? மாசக் கடைசியிலே, “சம்பளம் வந்ததும் கொடுப்பா”ன்னு எந்தக் கல்லாவிலே சொல்லுவாங்க? அங்கே ஒரு நாள் பிரியாணி சாப்பிடறவனும், மத்த நாளெல்லாம் சோத்துக்கு இந்த அம்மாகிட்டதான் வரணும். வெளியூர்க் கடை வரும்போது உள்ளூர்க் காயை வாங்கணும், உள்ளூர்ப் பிள்ளைக்கு வேலை தரணும். இதைக் கேளுங்க, நானும் உங்களோட சேர்ந்து கேட்கிறேன். அதுக்காகக் கதவையே சாத்துன்னு சொல்லாதீங்க.

ஏன் சாத்தக் கூடாது? கடைசியா அதைச் சொல்லிட்டு உட்கார்றேன். கொஞ்சம் மனசு திறந்து கேளுங்க.

“ஊர் ருசி ஊரோட இருக்கட்டும்”னு இனிமையாச் சொல்றோம். ஊர்ல ருசி மட்டுமா இருந்துச்சு? ஊர்க் கட்டுப்பாடும் இருந்துச்சு. யார் உள்ளே உட்காரலாம், யார் வெளியே நிக்கணும்னு கணக்கு இருந்துச்சு. இந்த நாட்டுல ரயில்வே சிற்றுண்டிச் சாலையிலே கூடப் பிராமணருக்கு ஓர் இடம், மற்றவருக்கு ஓர் இடம்னு இருந்தது. பெரியார் போராடி, 1941இல் அது ஒழிஞ்சது. ஓட்டல் பலகையிலே இருந்த சாதிப் பேரை எடுன்னு 1957இல் திருவல்லிக்கேணியிலே மறியல் நடந்தது. எத்தனையோ கிராமத்து டீக்கடையிலே இரட்டைக் குவளை இருந்ததையும் நாம மறந்துட முடியாது.

நம் அரசியலமைப்புச் சட்டத்தை எழுதியவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். அதனால்தான் பதினைந்தாவது பிரிவிலே, கடைகளையும் பொது உணவு விடுதிகளையும் பேர் சொல்லியே எழுதி வைத்தார்கள். மதத்தின் பேரால், சாதியின் பேரால் எவரையும் அங்கே தடுக்கக் கூடாது என்று. ஒரு நாட்டின் உச்சபட்ச சட்டத்திலே ஓட்டலுக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றால், ஒரு மேசையிலே சேர்ந்து சாப்பிடுவது எவ்வளவு பெரிய விஷயம்!

சட்டம் கதவைத் திறந்துச்சு. ஆனா ஊர்க் கடைக்காரனுக்கு உங்க தெரு தெரியும், உங்க தாத்தாவைத் தெரியும். ஊர் விட்டு ஊர் வந்த கடைக்காரனுக்கு என்ன தெரியும்? அவனே அந்த ஊருக்குப் புதுசு. வர்றவங்க யாரு, எந்தத் தெருன்னு அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்: பசியோட ஒரு ஆள் வந்திருக்கார். இலையைப் போடு! (பலத்த கைதட்டல்)

அந்த இலையிலே, சொந்த ஊர்ல கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரோட பேரன், அதே ஊர்ச் சாப்பாட்டை, அதே ஊர்க்காரர் பக்கத்து நாற்காலியிலே உட்கார்ந்திருக்க, “இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க”ன்னு உரிமையோட கேட்டுச் சாப்பிடறான். எல்லாம் மாறிடுச்சுன்னு நான் சொல்லலை. ஆனா இது மாறியிருக்கு. அந்த வார்த்தையிலே இருக்கிற ருசி எந்த ஆத்துத் தண்ணியிலே வரும் நடுவர் அவர்களே?

அதனாலே, ஊர் பேரைக் காப்பாத்தணும்னாலும் அடுப்பு ஊர் தாண்டணும். ஒரு மாஸ்டரோட வித்தை அடுத்த தலைமுறைக்குப் போகணும்னாலும் அடுப்பு ஊர் தாண்டணும். முன்பின் தெரியாத நாலு பேர் ஒரே மேசையிலே உட்காரணும்னாலும் அடுப்பு ஊர் தாண்டணும். ஊர் தாண்டினால் ருசி வளர்கிறதே என்று தீர்ப்பளிக்க வேண்டுமாய்க் கேட்டு, எதிரணி நண்பர்களையும் நிகழ்ச்சி முடிஞ்சதும் என்னோடு சாப்பிட அழைத்து... எந்த ஊர்க் கடைன்னு அவங்களே சொல்லட்டும், பில்லை நடுவர் கொடுப்பார்... (சிரிப்பு) விடைபெறுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)